ஞாயிறு வேறு ஊரில் விடியட்டும்

(ஜொகூர் பாருவில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓய்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஓய்வு பெரிய கடல். அதில் ஒரு துறையில் மட்டும் இறங்குகிறேன். சனிக்கிழமை கிளம்பி, ஓர் இரவு வெளியூரில் தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்பும் பயணம். விமானம் ஏறிப் போவதைச் சொல்லவில்லை. பத்து நாள் தமிழ்நாட்டுக் கோயில் சுற்றையும் சொல்லவில்லை. காடியில் ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரில் குடும்பமாக ஓர் இரவு தங்கி எழுந்து வருவது. இதை ஆடம்பரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. உழைக்கும் குடும்பத்துக்கு இது தேவை, அதிலும் ஜொகூர்க்காரர்களுக்கு மற்ற மாநிலத்தவரைவிடக் கூடுதலாகத் தேவை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

ஏன் நமக்குக் கூடுதலாக?

2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி 2024 டிசம்பர் முடிய, பதினோரு ஆண்டுகள், நம் மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் அந்தக் கணக்கில் நடந்தன. தனியார் நிறுவனங்கள் பலவும், ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரும், சனி ஞாயிறு என்றே இருந்தன. அந்த ஆண்டுகளை நம் வீடுகளுக்குள் இருந்து பாருங்கள். அப்பா உட்லண்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறார். பிள்ளைகள் இங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு, அப்பா விடியலுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். அன்று இரவு நெரிசலைத் தாண்டி அவர் வீடு வந்து சேர ஒன்பது மணி, பத்து மணி. சனிக்கிழமை எல்லோரும் வீட்டில். ஆனால் சனி இரவு, பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி. சீருடைக்கு இஸ்திரி போட வேண்டும், பள்ளிப்பாடத்தை முடிக்க வேண்டும். ஆக, ஒரு பகல் பொதுவாகக் கிடைத்தது. ஓர் இரவு கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டு என்பது, முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை படிவம் ஐந்தை முடித்துப் போகிற காலம்.

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மீண்டும் சனி ஞாயிறு ஆகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் மறுநாள் கடமை எதுவும் இல்லாத இரவாகச் சனி இரவு நம் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதைக் கொண்டு என்ன செய்கிறோம்? பெரும்பாலும் பேரங்காடியில் நடக்கிறோம். வண்டி நிறுத்த இடம் தேடி அரை மணி, சாப்பாட்டுக்கு வரிசை நின்று அரை மணி. களைத்துப் போய் வீடு திரும்புகிறோம்.

பாலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம்; முதல் ரயில் அதன்மேல் ஓடியது 1923-இல். நூறு ஆண்டுக்கு மேலாக நம் வாழ்க்கை அந்த ஒரு கிலோமீட்டரில் வரிசை நிற்கிறது. நான்கு மணிக்கு எழுந்து, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டாரில் கிளம்புகிற ஆயிரக்கணக்கான பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுடைய உடம்புக்கு விடிகாலை என்பதே ஓட்டத்தின் நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் நான்கு மணிக்குக் கண் விழித்துக்கொள்கிறது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். படுக்கை அதே படுக்கை, விட்டத்தைப் பார்த்தால் அதே விட்டம், மனம் உடனே வேலையிடத்துக்குப் போய்விடுகிறது.

இதைத்தான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். சபீனே சொன்னென்டாக் ஜெர்மானிய உளவியலாளர். சார்லட் ஃபிரிட்ஸ் என்பவருடன் சேர்ந்து 2007-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, வேலைக் களைப்பிலிருந்து மனிதன் மீள்வதற்கு நான்கு அனுபவங்களைக் குறிப்பிட்டது. மனம் வேலையை விட்டு முழுதாக விலகுவது, உடலும் மனமும் தளர்ந்து அமைவது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. முதலாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். வேலையிடத்தை விட்டு உடம்பு வெளியே வந்தால் மட்டும் போதாது. மனமும் வெளியே வர வேண்டும். வீட்டில் இருந்தபடியே அதைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்கு இடம் மாறினால்தான் மனம் மாறும்.

வெளியூரில் நன்றாகத் தூங்கலாம் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அது உண்மையல்ல. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யுகா சசாகி ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புது இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து உறங்குவதில்லை. அது காவல் காக்கிறது. புது இடத்தில் தூக்கம் வராது என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இப்போது சான்று கிடைத்திருக்கிறது. எனவே தூக்கத்துக்காகப் போக வேண்டாம். இரவு பத்து மணிக்கு எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம், எழுந்து போக யாருக்கும் வேறு இடம் இல்லை. அதற்காகப் போக வேண்டும். பகல் பயணத்தில் அது கிடைக்காது. மூன்று மணி ஆனாலே யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது கிளம்பினால்தான் நெரிசலுக்கு முன் போகலாம் என்பார். அந்தப் பேச்சு வந்துவிட்டால் பயணம் முடிந்தது.

இன்னோர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் யெரோன் நாவைனும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்டது. 1,530 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனவர்கள். பயணம் போகிறவர்கள், போகாதவர்களைவிட, கிளம்புவதற்கு முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு இல்லை. மிக நிம்மதியாகக் கழித்து வந்தவர்களிடம் மட்டும் அது சில வாரம் தங்கியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: எதிர்பார்த்திருப்பதே பாதி இன்பம் என்றால், மூன்று ஆண்டுக்கு ஒரு பெரும்பயணத்தை எதிர்பார்ப்பதைவிட இரண்டு மாதத்துக்கு ஒரு சிறு பயணத்தை எதிர்பார்த்திருப்பது நல்லது. சட்டக் கணக்கும் அதற்கே துணை நிற்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஓர் இடத்தில் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது எட்டு நாள். சிங்கப்பூரில் முதல் ஆண்டில் ஏழு நாள். காய்ச்சலில் படுத்த பிள்ளை, உறவில் ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று அந்த எட்டு நாளும் தாமாகப் போய்விடும். சனி இரவுப் பயணம் அதில் ஒரு நாளையும் தொடுவதில்லை.

இது வெள்ளைக்காரனிடமிருந்தோ சிங்கப்பூர்க்காரரிடமிருந்தோ நாம் கற்ற புதுப் பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். பங்குனி உத்திரத்துக்குப் பகாங் மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாருங்கள், பாதிக்கு மேல். சாலை போடும் வேலையில் வெட்டப் போன மரத்திலிருந்து குருதி வடிந்ததாகவும், அதனால் மரத்தை விட்டுவிட்டுச் சாலையை வளைத்ததாகவும் நம் பெரியவர்கள் சொல்லுகிற அதே கோயில். ரெங்கத்திலிருந்தும் லாயாங் லாயாங்கிலிருந்தும் சாஆவிலிருந்தும் தோட்டத்து லாரியில் பலகை போட்டு உட்கார்ந்து போனார்கள். பிற்பாடு வாடகைப் பேருந்தில் போனார்கள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் பாய் விரித்துப் படுத்து, மறுநாள் காவடி பார்த்துத் திரும்பினார்கள்.

ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த ஓர் இரவின் மதிப்பு தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் வரிசைக்கு, நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போக வேண்டும். ஆயா கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டுப் போன தாய், பகலில்தான் அதன் முகத்தைப் பார்த்தாள். என் தாயார் பால்மரம் வெட்டியவர். மாரானுக்குப் போன கதைகளை அவர் சொல்லும்போது சாமியைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். லயத்துப் பெண்கள் எல்லோரும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பக்தி குறைவு என்று அதற்குப் பொருள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் பெரட்டு இல்லாத இரவு அவர்களுக்கு ஆண்டில் மிகச் சில. அதையும் தெய்வத்தின் பெயரால்தான் கேட்டு வாங்க முடிந்தது. தோட்டங்கள் துண்டாகி, ரப்பர் போய் செம்பனை வந்து, நாம் மாசாய்க்கும் உலு திராமுக்கும் ஸ்கூடாய்க்கும் குடிவந்தபோது அந்த லாரிப் பயணங்களில் பலவற்றை இழந்துவிட்டோம். மாரானுக்கு இன்றும் பேருந்து போகிறது. லயமே சேர்ந்து போன காலம் போய்விட்டது.

சரி, எங்கே போவது?

தீபகற்பத்தில் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் தன்னிடம் கொண்ட மாநிலம் நம்முடையது. ஒரு சனிக்கிழமை மலாக்கா நீரிணையில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தென்சீனக் கடலில் அது எழுவதைப் பார்க்கலாம். நான் முதலில் கைகாட்டுவது குக்கூப். பொந்தியான் மாவட்டத்தில், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர் கம்பம் அது. வீடுகள், கடைகள், நடைபாதை எல்லாம் மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. அந்த வீடுகளில் பல இப்போது முழு வீடாக வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு விழுகிற செலவு குறைவு. சாப்பாடும் சேர்த்தே பேசிக்கொள்ளலாம். புரட்டாசிச் சனிக்கிழமை போகிறவர்கள் சைவம் வேண்டும் என்று முன்பே சொல்லி, சரி என்று பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். நீர் வற்றும்போது பலகைக்குக் கீழே சேறு தெரியும். அதில் சேற்றுத் தாவி மீன்கள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு உங்கள் பிள்ளை ஒரு மணி நேரம் கைப்பேசியை மறந்து உட்கார்ந்திருப்பான். எதிரே தெரிவது குக்கூப் தீவு, மனிதர் குடியில்லாத சதுப்புநிலக் காடு. பக்கத்திலிருக்கும் தஞ்சோங் பியாய் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. இவ்விரண்டையும் 2003-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவித்தார்கள். ஒரு கண்டம் முடியும் இடம் நம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே நின்றிருக்கிறார்கள்?

கோத்தா திங்கி அருவிக்கு எல்லோரும் பகலில் போய்க் குளித்துவிட்டு வந்துவிடுகிறோம். அதே கோத்தா திங்கியில், இருட்டிய பிறகு படகில் போனால் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக விட்டு விட்டு ஒளிர்வதைப் பார்க்கலாம். அதற்குத் தங்கத்தான் வேண்டும். குளுவாங்குக்கு ரயிலில் போய், லம்பாக் மலையடிவாரத்தில் நடந்து, காலையில் 1938 முதல் நடந்துவரும் ரயில் நிலையத்துக் காப்பிக்கடையில் பசியாறிவிட்டு வரலாம். கால் தெம்புள்ள இளைஞர்கள் தங்காக் போய் 1,276 மீட்டர் லேடாங் மலையைப் பார்க்கட்டும். எண்டாவ் ரொம்பின் காடு இவற்றில் அடங்காது. அதற்கு இரண்டு இரவாவது வேண்டும். கம்போங் பேத்தாவின் ஜாக்குன் பழங்குடி வழிகாட்டிகளோடு போக வேண்டும்.

கிழக்குக் கரை மெர்சிங்கைப் பற்றி ஒரு சொல். அங்கே போனால் தீவுக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு நாமே போட்டுக்கொண்டது. படகு நேரம், அலை, வாந்தி, தீவில் விலை, இவற்றிலேயே ஓர் இரவுப் பயணம் கரைந்துவிடும். கரையிலேயே தங்குங்கள். விடிகாலையில் மீன்பிடிப் படகுகள் வருவதைப் பாருங்கள். போதும்.

இனி, பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நாம் குடும்பமாகப் போகிற பயணங்களில் ஓய்வெடுப்பது யார்? தங்கும் வீட்டு வாசலில் காடி வந்து நிற்கிறது. பின்பெட்டியைத் திறந்தால் ரைஸ் குக்கர், அரிசி, மசாலாத் தூள், வெங்காயம், ஒரு போத்தல் நெத்திலி சம்பல். ஆண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடுகிறார்கள். அம்மா அடுப்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள். வீட்டில் பழகிய அடுப்பில் செய்ததை இங்கே பழகாத அடுப்பில் செய்கிறாள், அவ்வளவுதான் வேறுபாடு. ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் ஈரத்துணி மூட்டையும் அவளுக்கே. எனக்குத் தெரிந்த ஒரு தாய், ஆலையில் இரண்டு ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவர், என்னிடம் நேராகவே சொன்னார்: "பயணம்னு சொன்னாலே எனக்குப் பயமா இருக்குங்க ஐயா, ரெண்டு நாள் கூடுதல் வேலை." இந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நான் எந்தக் கூட்டத்தில் பயணத்தைப் பற்றிப் பேசினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

ஆகவே தம்பிமார்களே, ஓர் இரவுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்தில் சமையல் இல்லை. வெளியே சாப்பிடக் காசு போதாவிட்டால் ரொட்டியும் முட்டையும் போதும், அதையும் நீங்கள் செய்யுங்கள். பையைக் கட்டுவதும் திரும்பி வந்து துணி துவைப்பதும் ஆண்பிள்ளைகள் வேலை. உங்கள் மனைவி, உங்கள் தாய், ஞாயிறு காலை யார் பசியாறினார்கள் என்று கேட்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். முன்பு ஆய்விலிருந்து சொன்ன நான்கு அனுபவங்களில் நான்காவது, தன் நேரம் தன் கையில் இருப்பது, நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போது கிடைத்திருக்கிறது?

கைப்பேசியைப் பற்றிச் சுருக்கமாக. வேலைக் குழுவின் வாட்ஸ்ஆப் தகவல் சனி இரவும் வரும். பார்த்துவிட்டால் பதில் எழுதக் கை போகும். பதில் எழுதாவிட்டாலும் மனம் அங்கேயே நிற்கும். வயதான பெற்றோர் அழைக்கக்கூடிய ஒரு கைப்பேசியை மட்டும் அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை அணைத்துவிடுங்கள். டியூஷன் போய்விடுமே என்று கவலைப்படும் பெற்றோருக்கும் ஒன்று: இரண்டு மாதத்தில் ஒரு டியூஷன் தவறினால் பிள்ளையின் படிப்பு கெடாது.

கூடாரம் போட்டுத் தங்குவது இப்போது இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. விலை குறைவு, மகிழ்ச்சி அதிகம், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 2022 டிசம்பர் 16 விடியலுக்கு முன், சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு முகாம்மீது மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பலர் பிள்ளைகள். பள்ளி விடுமுறையில் நம்மைப் போல ஓர் இரவு தங்கப் போன குடும்பங்கள். அந்த இடத்துக்கு உரிமம் உண்டா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சரிவுக்கு அடியில் கூடாரம் போட வேண்டாம். ஆற்றில் தண்ணீர் திடீரென்று கலங்கி இலைதழையோடு வந்தால், மேலே மழை பெய்து வெள்ளம் இறங்குகிறது என்று பொருள். அந்தக் கணமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள், பொருள் போனால் போகட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரை பக்கம் போகவே வேண்டாம். அந்த மாதங்களுக்குக் குளுவாங் இருக்கிறது, பொந்தியான் இருக்கிறது.

இதுவரை நான் பேசியது காடி உள்ள குடும்பங்களுக்கு. காடி இல்லாதவர்கள், கணவனை இழந்து தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடியில் மின்தூக்கி பழுதாகி மாதக்கணக்கில் கீழே இறங்காத முதியவர்கள், இவர்களும் நம்மவர்கள். கோயில் நிர்வாகத்தினரும் சங்கத்துப் பொறுப்பாளர்களும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாரானுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யத் தெரிந்த உங்களுக்குக் குக்கூப்புக்குப் பேருந்து ஏற்பாடு செய்யத் தெரியாதா? ஆண்டுக்கு இரண்டு முறை. நாற்பது இருக்கை, இரண்டு முழு வீடு, ஓர் இரவு. அன்னதானத்துக்கு உபயம் எழுதுகிறவர்களிடம் இதற்கும் ஒரு பக்கம் திறந்து வையுங்கள். எழுதுவார்கள், நம் மக்கள் கை சுருக்கியவர்கள் அல்லர். மூட்டு வலி உள்ளவர்களுக்காகப் படி குறைந்த வீடாகத் தேடுங்கள். இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை பட்டியலை முன்பே வாங்கி வைத்துக்கொள்ள ஓர் இளைஞரை நியமியுங்கள். பெயர் எழுதும்போது, பால்மரம் வெட்டி ஓய்ந்த பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். தீபாவளிக்கு முன்பே ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிட்டீர்களானால் முதல் பேருந்தின் வாடகையை நான் ஏற்கிறேன்.